இறக்கும் முன்னே எடை

ஆனிக் கடைசி வெள்ளி

ரெண்டாயிரம் ரூபாய்த் தாளை ஊரெல்லாம் பேங்கில் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிற வருஷம். தக்காளி கிலோ நூறைத் தாண்டி, ஓட்டல்காரன் ரசத்தில் புளியை மட்டும் காட்டுகிற வருஷம். என் மகன் மயில்சாமி கொரோனாவில் போய் ரெண்டு வைகாசி கழிந்துவிட்டது. வருஷத்தை எனக்கு இப்படித்தான் சொல்ல வரும். லாரி நம்பர் கேட்டால் சொல்லிவிடுவேன், அது வேறே.

இந்த போன் என் மருமகள் வாணியுடைய பழசு. இதில் பேசினால் இதுவே எழுதிக்கொள்ளுமாம். "என்கிட்டச் சொல்றதையெல்லாம் இனி இதுகிட்டச் சொல்லுங்க மாமா. எனக்கு முட்டைக் கணக்குப் பாக்கோணும்" என்று கையில் கொடுத்தாள். கோபமில்லை. காலையிலேயே நான் தாளவாடி மலையில் பிரேக் போன கதையை மறுபடி எடுத்துவிட்டேன். எழுதினதைப் படிக்க எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் லாரியை நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். இது சரியாகத்தான் எழுதுகிறதா என்ற சந்தேகத்தோடேயே பேசுகிறேன்.

இன்றைக்குத் துரைசாமி வந்தார். நம் லாரி அவரும் மயில்சாமியும் பாதிக்குப் பாதி போட்டு வாங்கினது. நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றுகிற வண்டி. இந்த வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவர் பங்கு ஏழு லட்சம் கைக்கு வேண்டுமாம். வாணி கொடுத்தால் வண்டி முழுசாக அவளுக்கு. இல்லாவிட்டால் சேலத்துப் பார்ட்டி ஒன்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, விற்று ஆளுக்குப் பாதி. ஆடியில் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தம் வரைக்கும் பொறுக்கிறேன் என்றார். நியாயமான மனுஷன். போகும்போது பானெட்டில் ஒட்டியிருந்த காக்காய் எச்சத்தைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டுப் போனார்.

வாணி பயப்படவில்லை. லோன் போட்டுக்கொள்ளலாம் என்றாள். கார்டு பில்லை ஒரு நாள் தப்பாமல் கட்டுகிறவள். அவளுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பார்கள்?

ஆடி 1, திங்கள்

ஆடிக் காற்று. பெட்ரோல் பங்க்கில் என் பிளாஸ்டிக் நாற்காலி ஏர் மிஷின் வரைக்கும் போய் விழுந்து கிடந்தது. எடுத்து வந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வாணி பேரில் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது. நம் வண்டிக்கு டீசல் போட அதைக் காலையில் நான் எடுத்துக்கொண்டு போவேன். ரகசிய நம்பர் நாலும் மயில்சாமியின் முதல் வண்டி நம்பர், மறக்காது. நம் வண்டிக்குப் போட்டது போக, தெரிந்த வண்டிகளுக்கும் போட்டுக்கொடுப்பேன். முட்டை வியாபாரி வாடகையைப் பாலக்காட்டில் இறக்கின பிறகுதான் கொடுப்பான். டீசலோ கிளம்பும்போது வேண்டும். அதனால் போகிறபோது நம் கார்டு, வந்ததும் ரொக்கம். யார் எவ்வளவு என்று மனசில் இருக்கும். இதுவரைக்கும் ஒருத்தன் ஒரு ரூபாய் ஏமாற்றினதில்லை. வாங்கி வாணியிடம் கொடுப்பேன், அவள் கெடுவுக்குள் முழுசாகக் கட்டிவிடுவாள். பாயிண்ட் சேர்ந்து ஒரு குக்கர்கூட வந்தது.

மயில்சாமி இருந்தபோது வண்டிக்காரர்கள் அவனைத் தேடி வருவார்கள். இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். "பெரியப்பா இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் பங்க்குக்குள் வண்டியைத் திருப்புவார்கள்.

செங்கோடன் பத்து மணிக்கு வந்தான். என் வயசுதான். தன் மகன் வண்டிக்கு டீசல் போட அவனே கூட ஏறி வந்துவிடுவான். வந்ததும் சொன்னான்: "என்றா ராக்கியா, பேங்க் மேனேஜராட்டக் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கறே. கேஷ் வந்துருச்சா?" நான் வேண்டுமென்றே காலை இறக்கவில்லை.

ஆடி 4, வியாழன்

லோன் இல்லையாம்.

முதலில் நம் கணக்கு இருக்கிற பேங்க். அங்கே இல்லை என்றதும் வாணி வீம்புக்கு அடுத்தடுத்து ரெண்டு இடத்தில் எழுதிப் போட்டாள். அங்கேயும் இல்லை. எல்லாரும் சொல்வது ஸ்கோர் குறைவு என்று. நான் கேட்டேன், ஸ்கோர் போடுகிறவன் யார், எந்த ஊர், அவனுக்கு மயில்சாமியைத் தெரியுமா என்று. அது ஆள் இல்லை மாமா, கணக்கு என்றாள். கணக்கென்றால் போட ஒரு ஆள் வேண்டாமா? சாப்பிடும்போதும் அதையே கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நாளைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆடி 5, வெள்ளி

பேங்கில் வண்டி லோன் பார்க்கிறவர் பெயர் ஹரிபிரசாத். சின்ன வயசு. எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் முதலிலேயே கேட்டுவிட்டேன், ஒரு நாள்கூடத் தாமதிக்காதவளுக்கு எப்படி ஐயா மார்க்குக் குறையும் என்று.

"நேரத்துக்குக் கட்டறதுல ஒரு குத்தமும் இல்லைங்க ஐயா. ஆனா கார்டு லிமிட்டு ரெண்டு லட்சம். மாசாமாசம் ஒண்ணே முக்கா, ஒண்ணு தொண்ணூறுன்னு நிக்குது. பாக்கறவங்களுக்கு எப்படித் தோணும்? இந்தம்மா கார்டை நம்பியே பொழைக்கறாங்க, இன்னொரு கடன் ஏத்துனா தாங்குவாங்களான்னுதான் தோணும்."

"அதான் கட்டிப்போடறமே. ஒரு பைசா மிச்சம் வெக்கறதில்லையே."

"நீங்க கட்டறது பில்லு வந்து ரெண்டு வாரம் கழிச்சு. பில்லுப் போடற அன்னிக்கு எவ்வளவு நிக்குதோ, அதுதான் பெரும்பாலும் ஸ்கோருக்குப் போகுது."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இது வேபிரிட்ஜ் சமாசாரம். லாரியை எங்கே எடை போடுவார்கள்? லோடு ஏற்றி வருகிறபோது, செக்போஸ்ட் பக்கத்தில். நீ ராத்திரிக்குள் அத்தனை மூட்டையையும் ஒழுங்காக இறக்கிவிடுவாய், ஒரு மூட்டை குறையாது, அது எடை போடுகிறவனுக்கு எதற்கு? அவன் மேடையில் வண்டி ஏறின நேரத்துக்கு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பான், சீட்டுக் கிழிப்பான், அவ்வளவுதான். நாங்கள் ரெண்டு வருஷமாக மாசம் தவறாமல் முழு லோடோடு மேடையேறியிருக்கிறோம். இறக்கினது யார் கண்ணிலும் படவில்லை. இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அதேதானுங்க" என்றார்.

எவ்வளவு இருந்தால் நல்லது என்று கேட்டேன். மூன்றில் ஒரு பங்குக்குள் என்றார். ரெண்டு லட்சம் கொடுத்துவிட்டு அறுபதாயிரத்துக்கு மேல் தொடாதே என்றால் எதற்கு ரெண்டு லட்சம் என்றேன். வாணி "மாமா" என்றாள். தண்ணீரை எடுத்துக் குடித்தேன். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு யோசித்தேன். வண்டியில் வேகம் காட்டுகிற முள் நூற்றிருபது வரைக்கும் இருக்கிறது. அதற்காக நூற்றிருபதிலேயே ஓட்டுகிறவன் வண்டியில் எந்த வியாபாரி முட்டையை ஏற்றுவான்?

இன்னும் ரெண்டு விஷயம் சொன்னார். ஒன்று, நாலு இடத்தில் கடன் கேட்டால் கேட்டதே பதிவாகிவிடுமாம். அதுவும் மார்க்கைக் குறைக்குமாம். இது எனக்குப் புதுசில்லை. மூணு வாசலில் கேட்டுவிட்டு வருகிறவன் முகத்தைப் பார்த்தே நாலாவது வாசல்காரன் கதவைச் சாத்துவான். ரெண்டு, கார்டை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாதாம். அதைச் சொல்லும்போது என் சட்டைப்பையைப் பார்த்தார். நான் பையில் கை வைத்துக்கொண்டேன்.

வழி இதுதான். பில் போடுவது மாசம் இருபத்தெட்டாம் தேதி. அதற்குள் கார்டைக் காலியாக்கி வைத்தால், ஆடி முடிவதற்குள் ஸ்கோர் ஏற வாய்ப்பு இருக்கிறது. அதுவரைக்கும் வேறெங்கும் கேட்கக் கூடாது. ஆவணி பிறந்ததும் அவரே மறுபடி எடுத்துப் போடுகிறேன் என்றார். உறுதி சொல்லவில்லை.

ஆடி 6, சனி

பங்க்கில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இனி கார்டு கிடையாது, கொடுக்க வேண்டியதை வெள்ளிக்குள் கொடுத்துவிடுங்கள் என்று. ஒருத்தன் "பெரியப்பாவுக்குப் பணம் சேந்துபோச்சாட்டிருக்குது" என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்ததில் முழங்கால் வலி. வாணி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள்.

செங்கோடன் இன்றைக்கு வரவில்லை.

ஆடி 8, திங்கள்

பங்க்கில் யாரும் வரவில்லை. வந்தார்கள், டீசல் போட்டார்கள், போனார்கள். அதைச் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு வேலை பார்த்தேன். குக்கர் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது, ஸ்குரூ முடுக்கினேன்.

ஆடி 10, புதன்

தூறல். செங்கோடன் வந்தான். மற்றபடி விசேஷமில்லை.

நான் சொந்த வண்டி எடுத்தது திருச்சி வெள்ளத்தில் முழுகின வருஷம். நாமக்கல்லில் ஒரு ஃபைனான்ஸ்காரர், வெள்ளை ஜிப்பா போட்டிருப்பார். எனக்கு நிலமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. "உனக்காக நாலு பேர் வந்து நிப்பாங்களா?" என்று கேட்டார். வந்து நின்றார்கள். தார்ப்பாய் வியாபாரம் பண்ணின காளியண்ணன், டயர் கடை ராவுத்தர், லாரி பாடி கட்டுகிற டேவிட் மேஸ்திரி, அப்புறம் செங்கோடன். செங்கோடனிடம் அப்போது ஒரு சைக்கிள்தான் இருந்தது. ஃபைனான்ஸ்காரர் அதைக் கேட்டே சிரித்தார். "ராக்கியண்ணன் கட்டலைன்னா என்னப்பா பண்ணுவே?" என்றார். "அவன் வண்டிக்குக் கிளீனராப் போயிக் கழிப்பனுங்க" என்றான் செங்கோடன். அதற்குத்தான் பணம் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

இதை எதற்கு இன்றைக்குச் சொல்கிறேன்? மழை வந்தால் பழசு வரும்.

ஆடி 11, வியாழன்

மத்தியானம் வாணி போனைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள். நாளைக்கு பில் போடுகிற நாள். மற்றவர்கள் பணமெல்லாம் வந்து, அவளும் முட்டை வாடகையைப் போட்டுக் கட்டி, கார்டு கிட்டத்தட்டக் காலி. ஆனால் எழுபத்தெட்டாயிரம் நிற்கிறது என்றாள். நம் வண்டி இந்த வாரம் ரொக்கத்தில்தான் போட்டது.

"யாருங்க மாமா?"

நான் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டேன். அவள் ரெண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்த் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். மயில்சாமி சட்டை ஒன்று இன்னும் அந்த அடுக்கில் இருக்கிறது.

அந்தப் பணம் செங்கோடனுக்குப் போட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவன் வண்டி தூரம் போகிற வண்டி, வாடகை இன்னும் கைக்கு வரவில்லை. எல்லாரிடமும் சொன்னேன், அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சைக்கிளை மட்டும் வைத்துக்கொண்டு எனக்காக வந்து நின்றவனிடம் கார்டு கிடையாது என்று எந்த வாயால் சொல்வது?

துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். செங்கோடன் வீடு பரமத்தி ரோட்டில். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். உட்காராமலே சொன்னேன். வேபிரிட்ஜ் விஷயத்தையும் சொன்னேன், துரைசாமி பங்கையும் சொன்னேன், நாளைக்கு எடை போடுகிறார்கள், உன் லோடு என் வண்டியில் இருக்கிறது என்றும் சொன்னேன். வாடகை வருவதற்கு முன்னாலேயே பணம் கேட்கிறேன், இது நம் வழக்கமில்லை என்றேன்.

அவன் கடலையைக் கீழே வைத்தான். "ஏண்டா, இதை ஒரு வாரத்துக்கு முன்னாடி சொன்னா உன்ற நாக்கு தேஞ்சா போயிரும்?" உள்ளே பார்த்துக் கத்தினான். மகன் வந்தான். விஷயத்தைக் கேட்டான். போனை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டினான். "வாணியக்காவுக்குப் போட்டுட்டனுங் மாமா" என்றான். நான் நின்ற இடத்தில் நிற்கிறேன், பணம் போய்விட்டது.

"இத்தனை பணம் கையில இருக்குதா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நம்மளுக்கும் கார்டு இருக்குதுங் மாமா. மூணு வருசமா இருக்குது. கணக்குல பணமும் கெடக்குது, அப்பறம் என்னங்."

செங்கோடன் அவனை முறைத்தான். மகன் உள்ளே போய்விட்டான். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். மூணு வருஷமாகக் கார்டு இருக்கிறவன் ரெண்டு வருஷமாக ஏன் பரமத்தி ரோட்டிலிருந்து நம் பங்க் வரைக்கும் வந்து, என் கார்டில் போட்டுவிட்டு, ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கிறான்? அவன் வீட்டுப் பக்கத்திலேயே பங்க் இருக்கிறது. திருப்பத்தில், வேப்பமரத்துக்கு எதிரே. நானே பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

கேட்டேன்.

அவன் ஒரு கடலையை உரித்தான். ரெண்டு பருப்பில் ஒன்றை எனக்குக் கொடுத்தான். "உன்ற பையன் போய்ச் சேந்தப்ப நீ வீட்டைவிட்டு வெளியே வந்தியாடா? ஒரு மாசம் சவரம் பண்ணலே. வாணி கார்டைக் கொடுத்து அனுப்புன பொறவுதான் பங்க்குக்கு வந்தே. மொத நாள் உன்றகிட்ட யாரும் வரலே. சும்மா உக்காந்திருந்தே. அதான் நான் வந்தேன். பொறவு பாத்தா நாலு பயலும் வர ஆரம்பிச்சுட்டானுக. உனக்குத் தொழில் ஆயிப்போச்சு."

"அவனுகளுக்கும் கார்டு இருக்குதா?"

"அவனுக நெசமாலுமே இல்லாதவனுக. நான் ஒருத்தன்தான் மேனேஜரு மூஞ்சியைப் பாக்க வந்தவன்."

பருப்பை மெல்ல எனக்குப் பல் போதவில்லை. கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வாணி கார்டுக்குக் கட்டி முடித்துவிட்டாள். செங்கோடன் மாமாவா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அவள் பார்த்தாள். ராத்திரி தக்காளி போட்டு ரசம் வைத்திருந்தாள்.

ஆடி 12, வெள்ளி

எடை போட்டாயிற்று. முள் எங்கே நின்றது என்று நமக்கு இப்போது தெரியாதாம். இது என்ன வேபிரிட்ஜ்?

ஆடி 18, வியாழன்

பெருக்கு. மோகனூர்க் காவிரிக்கு வாணியோடு போய் வந்தேன். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் வேண்டினேன். ஸ்கோர் போடுகிறவனையும் சேர்த்துக்கொண்டேன், அவன் எந்த ஊராக இருந்தாலும்.

ஆடி 27, சனி

சேலத்துப் பார்ட்டி வந்து மறுபடி வண்டியைப் பார்த்தது. டயரை உதைத்துப் பார்த்தான். டயரை உதைத்து வண்டி வாங்குகிறவனுக்கு வண்டி தெரியாது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம், எதற்கென்று தெரியவில்லை.

ஆவணி 1, வெள்ளி

ஹரிபிரசாத் கூப்பிட்டார். ஸ்கோர் ஏறியிருக்கிறது. நினைத்த அளவுக்கு இல்லை. மூணு இடத்தில் கேட்ட தழும்பு இருக்கிறதாம், அது ஆற நாளாகும். ஏழு கேட்டதற்கு ஆறு கொடுக்கிறார்கள், வட்டி அரை சதவீதம் கூட. வாணி போனை வைத்துவிட்டு, "ஆறு மாமா" என்றாள். உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மீதி ஒன்றுக்கு என்ன பண்ணுவது என்று கேட்டேன். கார்டில் எடுக்கலாமா என்று கேட்டிருப்பேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆவணி 3, ஞாயிறு

முகூர்த்தம். துரைசாமி வந்தார். லோன் கடிதத்தை வாணி நீட்டினாள். ஆறு லட்சம் நேரே உங்கள் கணக்குக்கு வரும், மீதி ஒன்றைத் தை வரைக்கும் முட்டை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் கொஞ்ச நேரம் பானெட்டைப் பார்த்தார். கல்யாணத்துக்குச் சேர் டேபிள் ஏற்ற வண்டியைத் தருவியா அம்மிணி என்றார். தருகிறேன் என்றாள். அவ்வளவுதான். சேலத்துக்காரனுக்கு அவரே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆவணி 6, புதன்

இன்றைக்குச் சாயங்காலம் நிலாவில் வண்டி இறக்கினார்கள். பங்க் ஆபீஸ் டிவியில் காட்டினார்கள். டீசல் போட வந்தவனெல்லாம் பைப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றான். அங்கே வண்டிக்கு எடை ஆறில் ஒரு பங்குதான் என்று கேஷியர் சொன்னான். நான் யோசித்துப் பார்த்தேன். அங்கே வேபிரிட்ஜ் வைத்தால் நம் வாணிக்கு ஏழே கொடுத்திருப்பார்கள்.

நான் பங்க்குக்குப் போனது எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் கார்டு இல்லை. வாணி இப்போது அதை மாசத்துக்கு ரெண்டு தடவை, நம் வண்டிக்கு மட்டும், பில் தேதிக்கு முன்னாலேயே கட்டிவிடுகிற மாதிரிதான் எடுக்கிறாள். நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. காலையில் உட்கார்ந்தேன். "பெரியப்பா" என்று ஒருத்தன் வண்டியிலிருந்தே கை தூக்கினான். இன்னொருத்தன் இறங்கி வந்து, கார்டு வேண்டாம், தாளவாடி மலையில் பிரேக் போனபோது வண்டியை எந்தப் பக்கம் ஒடித்தீர்கள் என்று கேட்டான். அந்த ரூட்டில் அவனுக்குப் புது லோடாம். சொன்னேன், முழுசாகச் சொன்னேன்.

பத்து மணிக்கு ஒரு சைக்கிள் உள்ளே வந்தது. லாரி இல்லை, சைக்கிள். டீசலுக்கு வேலையே இல்லை. இறங்கி ஸ்டாண்டு போட்டுவிட்டு, "என்றா, கேஷ் இல்லாத பேங்குக்கு மேனேஜரு எதுக்குடா?" என்றான். மடியிலிருந்து கடலையை எடுத்தான்.

திருச்சி முழுகின வருஷம் எனக்காக வந்து நின்றவர்கள் நாலு பேர். காளியண்ணன் போய்விட்டான். ராவுத்தர் போய்விட்டார். டேவிட் மேஸ்திரி போன தையில் போனார். இன்னும் இருக்கிறவன் செங்கோடன்.